பிரபு என்றொரு மொழிபெயர்ப்பு

தமிழில் எழுதப்பெற்ற இந்திய வரலாற்று நூல்களைப் புரட்டுவோர்க்குக் 'கிளைவ் பிரபு', 'வெல்லெஸ்லி பிரபு', 'டல்ஹௌசி பிரபு' எனப் பக்கந்தோறும் பிரபுக்கள் எதிர்ப்படுவர். பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பாடம் படித்துக்கொண்டிருந்த என் பேரன் ஒருநாள், "கிளைவ் நிறைய தருமம் செய்தவரா, நன்னா?" என்று கேட்டான். பிரபு என்றால் கொடையாளி என்றே அவன் செவி பழகியிருக்கிறது. குற்றம் அவனுடையதன்று, மொழிபெயர்ப்புடையது.

'லார்டு' என்பது குணத்தைச் சுட்டும் சொல் அன்று. அரசாணையால் வருவது, ஓர் ஊர்ப்பெயரோடு ஒட்டிக்கொண்டு வாரிசுகளுக்கு இறங்குவது. அதற்குள்ளும் மேல் கீழ் உண்டு. 1762-ல் கிளைவுக்குக் கிடைத்தது அயர்லாந்துப் பட்டம். அதனால் பிரபுக்கள் சபையில் இடமில்லை. அயர்லாந்தில் தாம் கொண்ட நிலத்துக்குப் 'பிளாசி' என்று பெயர் சூட்டிக்கொண்டார். ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த 1799-ல் வெல்லெஸ்லிக்கும் அயர்லாந்துப் பட்டமே வந்தது. மனிதர் மனம் நொந்துபோனார். இந்த நுணுக்கமெல்லாம் 'பிரபு' என்னும் ஒரே சொல்லில் கரைந்துவிடுகிறது.

இதனினும் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்த தளபதி ஹாரிஸ் 1815-ல் லார்டு ஆனபோது, அப்பட்டத்தில் ஸ்ரீரங்கப்பட்டணமும் மைசூரும் பெயராய்ச் சேர்ந்தன. தீப்பு சுல்தான் ஷஹீதான ஊர் ஓர் ஆங்கிலக் குடும்பத்தின் பரம்பரைப் பெயராயிற்று. தளபதியின் பேரனும் அப்பட்டத்தோடே சென்னைக் கவர்னராக வந்தார். 1855-ல் கர்நாடக நவாப் குலாம் கௌஸ் கான் பிள்ளையின்றி மௌத்தானபோது, நவாப் பட்டம் பரம்பரை உரிமையன்று, அதை முடித்துவிடலாம் என்று பரிந்துரைத்தவர் அவரே, டல்ஹௌசியும் உடன்பட்டார். பாட்டனாரின் பட்டத்தைச் சுமந்தவர் வாயில் பரம்பரை செல்லாது என்னும் வழக்கு! நம் நூல்களோ இவரையும் ஹாரிஸ் பிரபு என்று வணங்கிச் செல்கின்றன.

நம் பக்கத்துச் சொற்களையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 'நவாப்' என்பது 'நாயிப்' என்னும் அறபுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்தது. பிரதிநிதி என்பதே அடிப்பொருள். 'அமீர்' என்பது கட்டளையைக் குறிக்கும் 'அம்ரு' என்னும் வேரினது. 1867-ல் நவாபின் சிறிய தந்தை அஸீம் ஜாஹுக்கு 'அமீரே ஆற்காடு' என்னும் பட்டம் தந்தனர். கட்டளையிட ஒரு கிராமமும் உடன் தரப்படவில்லை. 'ஜாகீர்' பாரசீகச் சொல். 1763-ல் நவாப் முகம்மது அலி வாலாஜா கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த செங்கற்பட்டுச் சீமை ஆங்கிலேயர் ஏடுகளில் நெடுங்காலம் 'ஜாகீர்' என்றே வழங்கிற்று. அவர்கள் நம் சொல்லை மொழிபெயர்க்காமல் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் சொல்லை மொழிபெயர்த்து மரியாதை கூட்டியவர்கள் நாம்தாம்.

அறபியர் இவ்வாறு செய்யவில்லை. எகிப்தை ஆட்டிப்படைத்த குரோமரை அவர்கள் 'அல்லூர்து குரோமர்' என்றே எழுதினர். 'ஸையித்' என்னும் சொல் கையில் இருந்தும் அதை அவருக்கு அளிக்கவில்லை. சென்னைத் தெருக்களில் "இவர் பெரிய லார்டோ?" என்று கேட்கிறார்களே, அந்தப் பேச்சு வழக்குக்கு நம் நூலாசிரியர்களைவிடச் சொல்லின் நிறை தெரிந்திருக்கிறது.

வேற்றுச் சொல்லைத் தமிழில் புகுத்தலாமா என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்கக்கூடும். 'பிரபு' மட்டும் தமிழ்ச்சொல்லா?

பேரனின் நோட்டுப் புத்தகத்தில் 'லார்டு கிளைவ்' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வகுப்பாசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்து, 'கிளைவ் பிரபு' என்று திருத்தி அனுப்பியிருந்தார்.