மலைப் படத்துக்கு ஸ்னாப்சீட் போதுமா?

கோத்தகிரியை அடுத்த கோடநாடு காட்சிமுனையில் வெயில் ஏறும்முன் நின்றால், ரங்கசாமி தூண் பாறையும், கீழே மாயாறு பள்ளத்தாக்கும், ஆற்றங்கரையில் தெங்குமரஹாடா கிராமமும், அதற்கு அப்பால் ஒன்றன்பின் ஒன்றாக மங்கிக்கொண்டே போகும் மலைவரிசைகளும் தெரியும். அதையே போனில் எடுத்துப் பார்த்தால் சாம்பல் பூசினாற்போல் சப்பென்று இருக்கும். அப்படிப்பட்ட படங்களைத்தான் கூகுளின் ஸ்னாப்சீட் செயலியில் போட்டுப் பார்த்தேன். காசு கிடையாது, விளம்பரத் தொல்லையும் இல்லை. போனில் ப்ரோ மோடில் எடுக்கும் டிஎன்ஜி ரா கோப்புகளையும் திறக்கிறது.

செயலி சரிசெய்ய முடியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வைடு லென்ஸில் எடுத்தால் தூரத்து மலை வெறும் மேடாகச் சுருங்கிவிடும். 2x, 3x லென்ஸுக்கு மாறினால் வரிசைகள் நெருங்கி வந்து, ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கும். பிறகு ஸ்னாப்சீடின் க்ராப்பில் 16:9 போதும். வெறும் வானமும் கீழே தடுப்புக் கம்பியும் போய்விடும். ஓரத்தில் ஒரு மரமோ பாறையோ இருந்தால் அதை வெட்டாதீர்கள். மலை எவ்வளவு பெரியது என்று கண்ணுக்குச் சொல்வது அதுதான்.

அடுத்து எல்லோர் கையும் போவது எச்டிஆர் ஸ்கேப் என்ற ஃபில்டருக்கு. தொட்டவுடன் படம் பளிச்சென்று ஆகும், மனசும் துள்ளும். ஆனால் பெரிதாக்கிப் பாருங்கள்: மலைமுகட்டின் விளிம்பில் வெள்ளைக் கோடு, இலைகளெல்லாம் தகரத்தில் வெட்டியதுபோல். அதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. நடுவில் இருக்கும் காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால்தான் தூரத்து மலை நீலம் பூத்து வெளிறித் தெரிகிறது. காற்று கூடக் கூட வெளிறல் கூடும். கண் அதை வைத்துத்தான் தூரத்தை அளக்கிறது. எச்டிஆர் ஸ்கேப் அந்த வெளிறலைத் துடைத்தால் ஐந்து வரிசை மலையும் ஒரே சுவரில் ஒட்டிவிடும்.

இந்தச் செயலியின் உண்மையான பலம், செய்த திருத்தங்களை வரிசையாகக் காட்டும் வியூ எடிட்ஸில் ஒளிந்திருக்கிறது. டீடெய்ல்ஸில் ஸ்ட்ரக்சரை 25 அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். வியூ எடிட்ஸுக்குப் போய் அந்தத் திருத்தத்தைத் தொட்டு, பிரஷ்ஷை எடுத்து, அருகிலிருக்கும் சரிவின்மேல் மட்டும் தீட்டுங்கள். பிரஷ்ஷுக்குத் தனி அளவு இல்லை. படத்தைப் பெரிதாக்கினால் அது சிறிதாகும். முகட்டு ஓரத்தில் விரல் வழிந்தால், தீட்டும் வலிமையை 0 ஆக்கி அதன்மேல் மீண்டும் தீட்டி அழித்துவிடலாம். முன்சரிவு கூர்மையாகவும் பின்மலைகள் மெத்தென்றும் நிற்கும்போது, தட்டையாகக் கிடந்த படத்தில் ஆழம் பிறக்கிறது. கிராமத்துக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டுமா? செலக்டிவில் ஒரு புள்ளி வைத்து, இரண்டு விரலால் வட்டத்தைச் சுருக்கி, பிரைட்னஸை லேசாக ஏற்றினால் போதும்.

கறுப்பு வெள்ளை பிடித்தவர்களுக்கு இதே செயலியில் ஒரு புதையல் உண்டு. பிளாக் அண்ட் ஒயிட்டில் சிவப்பு ஃபில்டர் வைத்தால் நீல வானம் கறுத்து, மூட்டம் குறையும். புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1927இல் ஹாஃப் டோம் பாறையை எடுத்தபோது வானத்தைக் கறுக்க வைத்ததும் சிவப்புக் கண்ணாடிதான். கோடநாட்டுக்கு நான் நீல ஃபில்டரையே வைப்பேன். மூட்டம் இன்னும் திரண்டு, மலைகள் அடுக்கடுக்காகப் பிரியும்.

மின்கம்பியை அழிக்க ஹீலிங் இருக்கிறது. வானத்தின் குறுக்கே போகும் கம்பி சுத்தமாக மறைகிறது, காட்டின் குறுக்கே போனால் திட்டு விழுகிறது. லைட்ரூம் மொபைல் செயலியில் ஒரே தட்டில் வானத்தைத் தனியாகப் பிரிக்கலாம், ஆனால் அதற்குச் சந்தா கட்ட வேண்டும். வாரம் நூறு படம் திருத்துகிறவர் கட்டலாம். விடுமுறைக்கு மலையேறிப் பத்துப் படத்தை அக்கறையாகச் செதுக்குகிறவருக்கு ஸ்னாப்சீட் தாராளம். திருத்துவதை மட்டும் மலைமேல் வெயிலில், திரையை முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு செய்யாதீர்கள். அறைக்கு வந்து திரையைப் பாதி வெளிச்சத்துக்குக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள், பிரிண்ட் போடும்போது படம் இருண்டு வராது.