சொல்லீறு காணும் கருவியும் குற்றியலுகரமும்

பேச்சை எழுத்தாக்கும் கருவிக்கு முதற்கண் வேண்டப்படுவது, பேச்சு யாண்டுத் தொடங்கி யாண்டு முடிகின்றது என்னும் அறிவாகும். இரைச்சலைப் பேச்செனக் கொள்ளின் இல்லாத சொல் தோன்றும். பேச்சை இரைச்சலெனத் தள்ளின் உள்ள சொல் சிதையும். இவ்வெல்லை காணும் முறைகளுள் பலராலும் எடுத்தாளப்பெற்றது, அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த ரபினர், சாம்பர் ஆகிய இருவரும் 1975-இல் வெளியிட்ட கட்டுரை வகுத்த முறை. அதன் சிறப்பினையும், தமிழ்ச் சொற்கு அது பொருந்துமாற்றினையும் ஈண்டு ஆராய்வோம்.

அம்முறை ஒலியினை 10 மில்லிசெகண்டு அளவினவாகிய கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டனை அளக்கின்றது. ஒன்று ஒலியின் ஆற்றல். மற்றொன்று ஒலியலை சுழிக்கோட்டைக் கடக்கும் எண்ணிக்கை. முதல் 100 மில்லிசெகண்டில் பேச்சில்லை எனக் கொண்டு இரைச்சலின் இயல்பு கணிக்கப்பெறும். பின்னர், ஆற்றல் கீழ்வரம்பினைக் கடந்து, மீண்டும் தாழாமல் மேல்வரம்பினையும் எட்டுமாயின் அது பேச்சின் தொடக்கம். ஈற்றினைக் காண இறுதியினின்று பின்னோக்கி இவ்வாறே தேடுவர். அவ்வெல்லைகட்கு அப்பால் 250 மில்லிசெகண்டிற்குள் சுழிக்கடப்பு மிகுந்த கூறுகள் மூன்றேனும் இருப்பின், எல்லை அதுவரை நீட்டப்பெறும்.

உரப்பு ஒன்றே பேச்சிற்கு அடையாளம் அன்று என உணர்ந்தமை இம்முறையின் சிறப்பு. ஆங்கிலச் சொற்களின் முதலிலும் ஈற்றிலும் வரும் மெலிந்த உரசொலிகள் ஆற்றலிற் குறைந்தும் சுழிக்கடப்பின் மிக்கும் இருத்தலின், இரண்டாம் அளவை அவற்றைக் காக்கின்றது. பேச்சொலி இரைச்சலினும் ஏறத்தாழ 30 டெசிபெல் மிக்க இடத்திற்கே தம்முறை உரியது என ஆசிரியர்கள் வரையறுத்தமையும் பாராட்டத்தக்கது.

எனினும், ஈற்றில் தேய்ந்தொழியும் உயிரொலியின் இடர்ப்பாட்டினை அவர்களே சுட்டியும், அதற்குத் தனிக் காப்புச் செய்திலர். தமிழிற்கு இக்குறை பெரிது. ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்ணுப்பெயர்களுள் ஏழு ஒழிந்த ஒன்பதும் குற்றியலுகர ஈற்றன. அவற்றுள் எட்டு, பத்து என்பன வன்றொடர். 'எட்டு' என ஒலிக்குங்கால், எகரத்தின்பின் நா அண்ணத்தை ஒற்றி நிற்க, ஓசை அடங்குகின்றது. அவ்வடக்கத்தின்பின் குறுகிய உகரம் மெல்லெனத் தோன்றி மறைகின்றது. அவ்வுகரம் மேல்வரம்பினை எட்டாதாயின், பின்னோக்கிச் செல்லும் தேட்டம் அதனைத் தள்ளி, அடக்கத்தையும் கடந்து எகரத்திலேயே சென்று நிற்கும். உகரம் உயிராதலின் சுழிக்கடப்பும் மிகுவதில்லை. ஆகவே இரண்டாம் அளவையும் துணை செய்யாது. டகரம் விடுபடும்போது எழும் சிற்றொலியோ மூன்று கூறுகளை நிரப்பும் எனத் துணிதற்கில்லை.

தொல்காப்பியர் மெய்க்கும் குற்றியலுகரத்திற்கும் அரை மாத்திரை வகுத்தனர். அவ்வாறாயின் 'எட்டு' இரண்டு மாத்திரையது. எகரம் மட்டும் எஞ்சின் சொல்லிற் செம்பாதி அழிந்ததாம். ஆங்கிலத்தில் எட்டினைக் குறிக்கும் சொல் ஈற்று வல்லொலியை இழப்பினும் நீண்ட உயிர் எஞ்சி ஓரளவு பொருளுணர்த்தும். தமிழில் எஞ்சுவது ஒரு குற்றுயிரே.

வரம்பினைத் தாழ்த்துதல் தீர்வாகாதோ எனின், ஆகாது. இரைச்சல் மிக்க தெருவிலும் சந்தையிலும் தாழ்ந்த வரம்பு இரைச்சலையே பேச்சென ஏற்கும். 1999-இல் சோன், கிம், சங் ஆகியோர் வெளியிட்ட நிகழ்தகவு முறை, பேச்சு உண்டு, இல்லை என்னும் இரு கோள்களையும் ஒப்பிட்டு முடிவு செய்வதோடு, முன்னைக் கூறுகளில் பேச்சிருந்தமையையும் கருதி, ஓசை தாழ்ந்தவுடன் வாயிலை அடையாது காக்கின்றது. இது நல்ல வளர்ச்சியே. ஆயின் எத்துணைப் பொழுது காத்தல் வேண்டும் என்னும் வினாவிற்கு இரைச்சலின் இயல்பு மட்டும் விடை தாராது. அம்மொழியின் ஈறே விடை தரல் வேண்டும்.

எனவே ஈற்றெல்லை காணல் பொறியியலார்க்கு மட்டும் உரிய பணி என நாம் வாளா இருத்தல் தகாது. வன்றொடர் முதலாகிய ஆறு தொடரினும் ஈற்றுயிர் எத்துணைக் காலம் ஒலிக்கின்றது, அதன்முன் அடக்கம் எத்துணை நீள்கின்றது என்பவற்றைப் பல வட்டாரத்தார் பேச்சினின்றும் அளந்து தருதல் தமிழ்த்துறை மாணவர் கடனாகும். சொல்லினுள் அமைந்த அமைதியும் சொல்லின் உறுப்பே என்பதனைக் கருவிக்கு உணர்த்த வல்லார் அவரே.