மூச்சைக் கேளுங்கள், காலைப் பாருங்கள்

பொங்கலை ஒட்டி மரக்காணம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள், ஏதாவது ஊர்த்திடலில் டியூப்லைட் கட்டிக் கபடி நடந்தால் வண்டியை ஓரங்கட்டலாம். நடுக்கோட்டுக்குப் பக்கவாட்டில் இடம் பிடியுங்கள். மைக்செட் எவ்வளவு அலறினாலும் கொஞ்சம் முன்னே நகர்ந்தால் ஆடுகிறவரின் பாட்டு காதில் விழும்.

பாட்டுதான் முதல் ருசி. எதிரணி மண்ணை மிதிக்கும் முன்பே 'கபடி' சொல்லத் தொடங்கிவிட வேண்டும். நடுவில் மூச்சு அறுந்தால் அவுட். பழைய சடுகுடுவில் கடிகாரமே மூச்சுதான். இப்போது ரெய்டுக்கு 30 வினாடி என்று கட்டிவிட்டார்கள். 2014-இல் வந்த புரோ கபடி இந்த ஆட்டத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது, மறுக்கவில்லை. ஆனால் அரங்க இரைச்சலில் பாட்டு செத்துப்போகிறது. எனக்கு மண் திடல்தான் உசத்தி.

அடுத்தது கால். கூட்டம் மொத்தமும் பாடிப் போகிறவரைப் பார்க்கும். நீங்கள் மூலையில் குனிந்து நிற்கும் கார்னரைப் பாருங்கள். ஆண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாடுகோடு. யாரையும் தொடாமல், அதையும் தாண்டாமல் திரும்பினால் அவுட். இன்னும் 1 மீட்டர் உள்ளே போனஸ் கோடு. எதிரே ஆறு பேராவது இருந்தால்தான் அந்தப் புள்ளி கிடைக்கும். அதற்காக ஒரு காலைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, பின்னங்காலைத் தூக்க வேண்டும். ஆள் ஒற்றைக்காலில் நிற்கும் அந்த நொடிக்காகத்தான் கார்னர் காத்திருக்கிறார். கணுக்கால் சிக்கியதும் பக்கத்திலிருக்கும் கவர் இடுப்பைக் கட்டிக்கொள்வார். மூன்றே பேர் மிஞ்சிய அணி இப்படிப் பிடித்தால் 2 புள்ளி. கைதட்டலை அதற்கு வைத்திருங்கள்.

ஆளைச் சாய்த்து இடம் பிடிக்கும் ஆட்டம் அமெரிக்கர்களுக்கும் உண்டு. அவர்களுடைய கால்பந்தில் 1905-இல் பல இளைஞர்கள் உயிரிழந்தார்கள். மோதலைத் தளர்த்த 1906-இல் பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதியை மாற்றினார்கள். இங்கே எறிந்து தப்பிக்கப் பந்தே கிடையாது.

கபடி 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் காட்சி ஆட்டமாகப் போனது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்க ஆட்டமானது. 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் மணத்தி கணேசன் இருந்தார். 2025-இல் வந்த 'பைசன்' படத்துக்கு அவர் வாழ்க்கைதான் தூண்டுதல்.

கடற்கரைக் கபடி தனி ரகம். 2008-இல் பாலியில் நடந்த ஆசியக் கடற்கரைப் போட்டியிலேயே அதற்கு இடம் கிடைத்தது. அணிக்கு நான்கு பேர்தான். குப்பத்துப் பையன்கள் மணலில் கோடு கிழித்து ஆடினால் உட்கார்ந்து பாருங்கள். மணலில் கால் புதையும், உதறிக்கொண்டு ஓட முடியாது, பிடிக்கிறவர்களுக்குத்தான் கொண்டாட்டம்.