குறைத்தலும் குன்றலும்

நூலுக்கு அழகு இன்னது, குற்றம் இன்னது என வகுத்துரைத்த பவணந்தி முனிவர், நன்னூலில் பத்து அழகுகளுள் சுருங்கச் சொல்லலை முதற்கண் வைத்தார். பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறலை முதற்கண் வைத்தார். சுருக்கம் அழகாவதும் குற்றமாவதும் ஒரு நூலிழை வேறுபாட்டில்தான் என்பதை இவ்வைப்புமுறை உணர்த்துகின்றது. இவ்வளவுகோல் செய்யுளுக்கும் உரைநடைக்கும் மட்டுமே உரியது என நெடுநாள் எண்ணியிருந்தேன். கிள்ளான் வீதியில் ஓடும் ஒரு மோட்டார் சைக்கிளுக்கும் அது பொருந்தும் என்பதை என் பழைய மாணவன் ஒருவன் எனக்குக் கற்பித்தான்.

ஒரு சனிக்கிழமை முற்பகலில் அவன் பள்ளி வாயிலில் வண்டியை நிறுத்தி, "ஐயா, நானே செஞ்சது. பார்த்துச் சொல்லுங்க" என்றான். அவன் தந்தையார் பல்லாண்டு ஓட்டிய பழைய ஹோண்டா கப்சாய் அது. முன் மட்கார்டு இல்லை. பின் மட்கார்டு பாதியாக வெட்டப்பட்டிருந்தது. பக்கக் கண்ணாடிகள் இல்லை. நீண்ட இருக்கை இருந்த இடத்தில் ஒருவர் மட்டும் அமரும் சிறு தோல் இருக்கை. "இதுக்குப் பேரு பாபர்" என்றான். பயிலாமல் மதிப்பிடுதல் ஆசிரியனுக்கு அழகன்று. ஆதலின் அவ்வடிவின் வரலாற்றைத் தேடிப் படித்தபின் விடை சொல்வதாகக் கூறினேன்.

பாபர் என்பது வால் குறைத்த குதிரையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வழிவந்த பெயர். 1930களிலும் 1940களிலும் அமெரிக்க இளைஞர், சாலையில் ஓடும் வண்டியையே பந்தயத்திலும் ஓட்டும் பொருட்டு அதன் சுமையைக் குறைத்தனர். முன் மட்கார்டைக் கழற்றினர். பின் மட்கார்டைக் குறுக்கினர். வேகத்திற்கு உதவாதவற்றை எல்லாம் நீக்கினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடு திரும்பிய வீரர்களிடையே இவ்வழக்கம் பரவியது. கையில் இருந்தது ஒரு வண்டியும் சில கருவிகளுமே. அவர்கள் அழகைத் தேடி வெட்டவில்லை. பயனைத் தேடி வெட்டினர். அழகு தானே வந்து சேர்ந்தது. இதனையே சுருங்கச் சொல்லலின் இலக்கணம் என்பேன்.

அவ்வடிவை இன்று தொழிற்சாலைகளே செய்து விற்கின்றன. இங்கிலாந்தின் டிரையம்ப் நிறுவனம் 2016இல் 'போனவில் பாபர்' என்னும் வண்டியை அறிமுகப்படுத்தியது. 1,200 சி.சி. இயந்திரம், எரிபொருளும் எண்ணெயும் சேராத எடை 228 கிலோ. அந்நிறுவனம் 1937இல் வெளியிட்ட 500 சி.சி. 'ஸ்பீட் டுவின்' ஏறத்தாழ 166 கிலோதான். குறைத்தலின் பெயரால் பிறந்த வண்டி 60 கிலோவுக்குமேல் கூடியிருப்பது முரணன்றோ! அதன் பின்புற அதிர்வுதாங்கி, வில்லே இல்லாத பழைய சட்டம் போலத் தோன்றுமாறு இருக்கையின் கீழ் மறைக்கப்பட்டுள்ளது. மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் பகுதி, பழைய கார்புரேட்டர் போல உருவாக்கப்பட்டுள்ளது. எளிமை இங்கே வாழ்முறையாக இல்லை, அணியாக இருக்கின்றது. சுருக்கத்தின் வேடம் பூண்ட மிகைபடக் கூறல் என்றே இதனைச் சொல்ல வேண்டும்.

எனினும் நடுவுநிலை பிறழலாகாது. அங்கே மறைக்கப்பட்ட அதிர்வுதாங்கி ஓட்டுபவனின் முதுகெலும்பைக் காக்கின்றது. பழைய தோற்றத்தை விரும்பியவர்கள் பழைய வலியை விரும்பவில்லை, அது அறிவுடைமையே. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு 2024இல் வெளியிட்ட 'கோவன் கிளாசிக் 350' இன்னும் ஒரு படி நயமானது. டயரின் வெண்ணிற விளிம்பு வெறும் ஒப்பனைதான். ஆனால் அதன் பின்னிருக்கையைக் கழற்றவும் மீண்டும் பூட்டவும் இயலும். நீக்கியதைத் திரும்பச் சேர்க்க வழிவைத்த அச்சிறு ஏற்பாடு என் கருத்தைக் கவர்ந்தது.

வண்டியைத் தொடர்ந்து உடையும் வருகின்றது. நியூயார்க்கின் ஷாட் நிறுவனம் 1928இல் தைத்த தோற்சட்டையின் சாய்ந்த ஜிப், முன்குனிந்து ஓட்டுபவனின் வயிற்றில் மடிப்பு உறுத்தாமலிருக்க அமைந்தது. அதன் கனம் குளிர்காற்றுக்கு உரியது. கிள்ளானின் வெயிலில் அதனை அணிந்து வியர்ப்பவரைக் காணும்போது, நம் தந்தையர் கண்டறிந்த உடை நினைவிற்கு வருகின்றது. சட்டையை முன்பின்னாகத் திருப்பிக் கைகளை நுழைத்து, மார்பில் காற்றும் மழையும் படாமல் அவர்கள் கூட்டரசு நெடுஞ்சாலையில் வேலைக்குச் சென்றார்களே, அதுவன்றோ இம்மண்ணின் உண்மையான பழம்பாணி! எவரும் அதனைப் படம் பிடித்து விற்கவில்லை. ஆயினும் இடத்திற்கும் தேவைக்கும் ஏற்றது அதுவே.

தலைக்கவசத்தில் மட்டும் பழம்பாணிக்கு இடமில்லை. 1935இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு மாண்ட டி. இ. லாரன்சுக்குச் சிகிச்சையளித்தவர்களுள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மருத்துவர். அவர் அதன்பின் ஆய்ந்து, தலைக்கவசத்தின் இன்றியமையாமையை 1941இல் எழுதி நிறுவினார். நம் நாட்டில் 1973இல் அது கட்டாயமாயிற்று. மலேசியத் தரங்களுள் 'எம்.எஸ். 1' என முதல் எண் பெற்றதும் தலைக்கவசத்திற்குரிய தரமே. சிரிம் முத்திரையற்ற அரைக்கோப்பைக் கவசத்தைப் பழைமையின் பெயரால் அணிதல் சுருக்கமன்று, குன்றலே.

இத்தனையும் படித்தபின் மாணவனை அழைத்து என் மதிப்பீட்டைக் கூறினேன். பற்றவைத்த இணைப்புகள் தூய்மையாக இருந்தன. அவன் கைத்திறனை மனமாரப் பாராட்டினேன். பின்பு குறைகளைச் சொன்னேன். கண்ணாடி என்பது பின்வருபவரைப் பற்றிய நினைவு. அதனை நீக்குதல் பயனை நீக்குதலாகும். வறண்ட சாலைக்காக வெட்டப்பட்ட மட்கார்டு, நாள்தோறும் மழை வரக்கூடிய ஊரில் பின்வருபவரின் முகத்தில் சேற்றை இறைக்கும். வண்டியின் அமைப்பை மாற்றுவோர் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பதையும் நினைவூட்டினேன்.

இறுதியாக ஒன்று கேட்டேன். "தம்பி, அந்தப் பின்னிருக்கையில உக்காந்துதானே நீ ஒன்னாம் வகுப்புக்கு வந்த?"

அவன் தலைகுனிந்தான். சட்டையைத் திருப்பி அணிந்த ஒரு தொழிலாளியின் முதுகைப் பற்றியவாறு, மழையில் நனையாத புத்தகப் பையோடு அவன் வந்திறங்கிய காலைகள் என் கண்முன் நின்றன. அவன் வெட்டி எறிந்தது ஒரு பஞ்சுத் துண்டை மட்டுமன்று.

சில வாரங்கள் கழித்து அவ்வண்டியை மீண்டும் கண்டேன். இரு கண்ணாடிகளும் இருந்தன; முன் மட்கார்டு திரும்பியிருந்தது. இருக்கை மட்டும் ஒற்றையாகவே இருந்தது. பழைய இருக்கையை வீட்டில் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னான். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. குற்றம் காட்டுதல் திறனாய்வாளனின் கடமை. திருத்துதல் படைத்தவனின் உரிமை.

மாணவர் கட்டுரையில் சிவப்பு மையால் கோடிடும்போதெல்லாம் அவ்வண்டியை நினைக்கின்றேன். ஒரு சொல்லை அடிக்குமுன், அது எவரைச் சுமந்து வந்தது எனக் கேட்டுக்கொள்கின்றேன்.