ஸீன் என்னும் சீறலொலி

கவிதையில் ‘ஸ்’ என்னும் சீறலொலி மிகுமாயின் அது பாம்பின் சீற்றத்தையும் பகையையுமே உணர்த்தும் என்று இலக்கியம் பேசுவோர் சிலர் தீர்ப்புக் கூறுவர். அத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

அரபு ஒலியிலக்கணத்தார் ஸாத், ஸாய், ஸீன் ஆகிய மூன்றையும் ‘ஸஃபீர்’ எழுத்துக்கள் என்பர். ஸஃபீர் என்பது சீழ்க்கையொலி. தஜ்வீது நூலார் சிலர் ஸாதுக்குத் தாராவின் குரலையும், ஸாய்க்குத் தேனீயின் ரீங்காரத்தையும், ஸீனுக்கு வெட்டுக்கிளியின் ஓசையையும் உவமை காட்டுவர். பாம்புக்கு அங்கே இடமில்லை.

திருக்குர்ஆனின் 114ஆம் அத்தியாயமான ‘அந்நாஸ்’ 6 வசனங்களை உடையது. ஆறும் ஸீனிலேயே முடிகின்றன. உள்ளங்களில் ஊசாட்டம் உண்டாக்குவோனின் தீங்கினின்றும் இறைவனிடம் காவல் தேடுவது அவ்வத்தியாயம். ஓதுங்கால் ‘வஸ்வாஸ்’ என்னும் அந்தக் காதோரக் கிசுகிசுப்பு நம் செவிக்கே எட்டுகின்றது.

இனி, 897இல் மறைந்த கவிஞர் அல்புஹ்துரீயிடம் வருவோம். மதாயினில் பாழ்பட்டு நின்ற கிஸ்ராவின் மாளிகையை அவர் பாடிய கஸீதா, அடிதோறும் ஸீனை இயைபாகக் கொண்டமையால் ‘ஸீனிய்யா’ எனப் பெயர் பெற்றது. அம்மாளிகைச் சுவரோவியத்தில் வீரர்கள் அரவமின்றிப் பொருதும் காட்சியை அவர் வருணிக்கின்றார். அங்கே அதே ஸீன் ஊசாட்டமாக ஒலிக்கவில்லை. ஆளற்ற கூடத்தின் பெருமூச்சாக ஒலிக்கின்றது. ஆகவே, ஓசை பொருளுக்கு ஏவல் செய்வது, பொருளை ஆள்வதன்று.

இதனை உணர்ந்தவர் நம் உமறுப் புலவர். ‘ஸீரத்’ என்பதைச் ‘சீறா’ எனத் தமிழாக்கிக் காப்பியத்துக்குப் பெயரிட்டார். ஸீன் சகரமாயிற்று, பக்திச் சுவை ஒரு சிறிதும் குன்றவில்லை. கவிதைக்கு அது தகும்.

ஓதலுக்கோ அது தகாது. ஸாதுடன் ‘நஸ்ர்’ என்றால் உதவி. 110ஆம் அத்தியாயத்தின் பெயர் அது. ஸீனுடன் ‘நஸ்ர்’ என்றால் கழுகு. 71ஆம் அத்தியாயம் கூறும், நூஹ் நபியின் சமூகத்தார் வணங்கிய விக்கிரகத்தின் பெயரும் அதுவே. தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அரபுத்தமிழ் எழுத்தில் பயின்ற நம் பாட்டிமாருக்கு இம்மயக்கம் கண்ணளவில் நேர்ந்ததில்லை. இன்றோ தமிழெழுத்தில் அச்சிட்ட சூராக்களை மட்டும் பார்த்துப் பிள்ளைகள் மனனம் செய்கின்றனர். அச்சுத்தாள் நாவைத் திருத்தாது. உஸ்தாதின் வாய்கேட்டுப் பயில்வதே வழி.

வஸ்வாஸில் ஊசாட்டமாய் நின்ற அதே ஸீன்தான் ‘ஸலாம்’ என்னும் சொல்லுக்கு முதலெழுத்தாய் நின்று சாந்தி வழங்குகின்றது. எழுத்தின்மீது பழி இல்லை. அதனை ஒலிக்கும் நாவின்மீதே பொறுப்பு.