வளைந்த மரமும் வளைத்த மரமும்

மரக்கலத்தைப் பழுதுபார்க்கும் ஓடாவியை அதிகம் சோதிப்பது, கலத்தின் விலா எலும்பு போன்ற வங்குக்கால். கலத்தின் முன்முனையான அணியத்தை நெருங்க நெருங்க அதன் வளைவு இறுகும். நேரான கட்டையிலிருந்து அந்த வளைவை அறுத்தெடுத்தால் மரத்தின் நார் குறுக்கே வெட்டுப்படும். அலை அடிக்க அடிக்க அந்த இடமே பிளக்கும்.

தூத்துக்குடித் தோணிக்கு இதற்காகவே வளைந்து வளர்ந்த நாட்டுக் கருவேலங் கட்டைகளைத் தேடினார்கள். யாழ்ப்பாணக் கரையில் அந்த இடம் வேம்புக்கு. வல்வெட்டித்துறையில் வேம்பால் கட்டிய 'அன்னபூரணி' அமெரிக்கர் ஒருவர் கைக்கு மாறி, 1938-இல் தமிழ் மாலுமிகளோடு அட்லாண்டிக்கைத் தாண்டி மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. நார் அறுபடாத வங்கின் வலுவுக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? சென்னைக் கரையின் மசுலாப் படகோ வங்கே வைக்கவில்லை. கயிற்றால் தைத்த பலகைகள் அலைக்கு நெகிழ்ந்து கொடுத்தன.

பிறகு கண்ணாடியிழை வந்தது. இலங்கை முந்திக்கொண்டது: 1967-இல் தொடங்கிய சீநோர் நிறுவனம், காரைநகரில் கண்ணாடியிழைப் படகு கட்டியது. தமிழகக் கரை பெருமளவில் மாறியது 2004 சுனாமிக்குப் பின்புதான். ஆனாலும் தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கேற்றும் மரத்தோணிகளுக்குப் பழுதுவேலை ஓயவில்லை. வளைந்த மரம்தான் கிடைப்பது அரிதாகிவிட்டது.

அதற்கு நீராவி ஒரு வழி. அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆவியில் வைத்தால் மரம் இளகும். இளகிய மரம் வளைவின் உட்புறம் நன்றாக அமுங்கும். வெளிப்புறமோ நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குக்கு மேல் நீளாமல் கிழியும். ஆகவே வெளிப்புறத்தில் எஃகுப் பட்டையை ஒட்டி வைத்து, மரத்தின் இரு முனையையும் பட்டையின் முட்டுகளுக்குள் இறுக்கி, அச்சின் மேல் வளைக்க வேண்டும். வெளியே எடுத்த மரம் ஆறுவதற்குள் வேலை முடிய வேண்டும். சூளையில் உலர்த்திய மரம் இதற்கு ஆகாது. ஈரம் முழுதும் போகாத, முடிச்சில்லாத, நேர்நார் மரம் வேண்டும்.

வளைந்து வளர்ந்த கட்டை கிடைக்குமிடத்தில் அதற்கே என் வாக்கு. கிடைக்காத இடத்தில், நேர்மரத்தை அறுத்து ஒப்பேற்றுவதைவிட ஆவியில் வளைப்பது எவ்வளவோ மேல். ஆவிப்பெட்டியும் முட்டு வைத்த எஃகுப் பட்டையும் காக்களூர் தொழிற்பேட்டையின் இரும்புப் பட்டறைகளுக்குப் பெரிய வேலையல்ல. காக்களூர் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் மீனவர் ஊரான பழவேற்காடும் இருக்கிறது. பட்டறைக்காரர்கள் ஒருமுறை ஓடாவிகளோடு உட்கார்ந்து பேச வேண்டும்.