மாலைக்குப் பதில் டேப்

இந்தச் செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். ஊர் பெயர் மட்டும் மாறும். ஐ.டி.ஐ. முடித்த இளைஞர், அல்லது ரிட்டையர் ஆன மெக்கானிக், அல்லது கடைசி வருஷ இன்ஜினீயரிங் மாணவர்கள் நாலு பேர். பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய பைப், ஸ்கூட்டர் சக்கரம் மூன்று, பேட்டரி நாலு, ஒரு மோட்டார். வீட்டு வாசலிலேயே வெல்டிங். 'ஒருமுறை சார்ஜ் செய்தால் 100 கிலோமீட்டர் ஓடும். கிலோமீட்டருக்கு 20 பைசாதான் செலவு!' போட்டோவில் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சிரிக்கிறார். ஹேண்டில்பாரில் மாலை. கடைசி பாராவில் இளைஞர், 'அரசு உதவினால் இன்னும் சாதிப்பேன்' என்கிறார்.

அந்த வண்டி அப்புறம் என்ன ஆயிற்று என்று எந்தப் பேப்பரிலும் நான் படித்ததில்லை.

என் புகார் அந்த இளைஞர் மீது இல்லை. ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒன்றை ஓட வைத்திருக்கிறார். அது சாதாரணம் இல்லை. புகார் நம் மேல்தான். இரண்டரை மணி நேர சினிமாவில் ஒன்பது லாஜிக் ஓட்டை கண்டுபிடித்து எழுதுகிறோம். ஹோட்டல் சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடினால் மேனேஜரைக் கூப்பிடுகிறோம். ஆனால் ஆள் ஏறுகிற, குழந்தைகள் குறுக்கே ஓடுகிற ரோட்டில் போகிற ஒரு வண்டிக்கு விமர்சனமே கிடையாது. 'என்ன சார், பையன் கஷ்டப்பட்டுப் பண்ணியிருக்கான், அதைப் போய்…' என்கிறீர்கள். கஷ்டப்பட்டுப் பண்ணியதால்தான் சார், அதை ஒழுங்காகப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. அங்கே மாலை இல்லை. வெறும் கேலி.

பாக்கெட் கால்குலேட்டரையும், 'ஸ்பெக்ட்ரம்' என்ற மலிவு விலை வீட்டுக் கம்ப்யூட்டரையும் விற்றுப் பெயர் வாங்கிய சர் க்ளைவ் சின்க்ளேர், 1985 ஜனவரி 10-ம் தேதி லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் 'சி5' என்ற மூன்று சக்கர மின் வண்டியை வெளியிட்டார். விலை 399 பவுண்டு. இது வீட்டில் செய்ததல்ல. வேல்ஸில் ஹூவர் கம்பெனியின் ஃபாக்டரியில் தயாரானது. ஹூவர் என்றதும், 'வாஷிங் மெஷின் மோட்டாரைப் போட்டு ஓட்டுகிறான்' என்று ஜோக் கிளம்பியது. அது பொய். ஆனால் அந்த ஜோக் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது, வண்டிதான் இல்லை. சுமார் 14,000 வண்டிகள் செய்து, அதே வருஷம் ஆகஸ்டில் உற்பத்தி நின்று, அக்டோபரில் கம்பெனி திவாலாகிப் போனது.

வண்டியை நிதானமாகப் பார்த்தால் சின்க்ளேர் முட்டாள் இல்லை என்று தெரியும். 1983-ல் பிரிட்டன் ஒரு விதி கொண்டுவந்தது. மூன்று சக்கர மின் சைக்கிளுக்கு மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 15 மைலுக்குள், பெடலும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம், 14 வயதானாலே ஓட்டலாம். சி5-ன் மோட்டார் மிகச் சரியாக 250 வாட். அதாவது மனிதர் சட்டத்தை டேப் வைத்து அளந்து வண்டி செய்திருக்கிறார்.

அளக்காமல் விட்டது ரோட்டை. வண்டியின் உயரம் 80 சென்டிமீட்டருக்கும் குறைவு. அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு, தொடைக்குக் கீழே இருக்கிற ஹேண்டிலைப் பிடித்து ஓட்ட வேண்டும். பக்கத்தில் லாரி வந்தால் டிரைவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். உங்களுக்கு லாரியின் சக்கரம் மட்டும் தெரியும். நீங்கள் இருப்பது மற்றவர்களுக்குத் தெரிவதற்காகப் பின்னால் நட்டுக்கொள்ள ஒரு கொடிக்கம்பமும் விற்றார்கள், தனி விலைக்கு! போதாததற்கு லெட்-ஆசிட் பேட்டரிக்குக் குளிர் ஆகாது. அதை ஜனவரியில் லண்டனில் வெளியிட்டார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் தாழ்வாகச் செய்ததற்கும் ஒரு காரணம் உண்டு. மூன்று சக்கர வண்டி தாழ்வாக இருந்தால்தான் கவிழாது. தாழ்வாக இருந்தால் கண்ணில் படாது. உயர்த்தினால் கண்ணில் படும், கவிழும். மூன்று சக்கரத்தில் வண்டி செய்கிற ஒவ்வொருவரும் மாட்டிக்கொள்கிற பொறி இது. கேலி செய்தவர்கள் இதைப் பார்க்கவில்லை. மாலை போடுகிற நாமும் பார்க்கவில்லை.

நம் செய்திகளில் வருகிற வண்டிகள் பெரும்பாலும் சி5-க்கு எதிர்ப் பக்கம். ஆட்டோ மாதிரி முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு சக்கரம், உயரமான சீட், மேலே கூரை. பின் சக்கரங்களுக்கு நடுவே 120 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆட்களோடு சேர்த்து ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. முன் சக்கரத்திலிருந்து பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு தூரம் தள்ளி இருக்கிறது. இந்த வண்டி 10 மீட்டர் ஆரத்தில் ஒரு தெருமுனை திரும்பினால், ஏறக்குறைய மணிக்கு 25 கிலோமீட்டரில் ஒரு பின் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். இதே வண்டிக்கு முன்னாலும் இரண்டு சக்கரம் இருந்தால் 31 வரை தாங்கும். திரும்பும்போது பிரேக்கும் பிடித்தால் எடை முன்னால் சாயும். முன்னால் இருப்பது ஒற்றைச் சக்கரம். 25-கூடத் தாங்காது. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று வைத்தால் பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் நிம்மதி. பேட்டரியை சீட்டுக்கு அடியில் அடுக்காமல் தரையை ஒட்டிப் படுக்க வைத்தால் இன்னும் நிம்மதி. 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி ஒன்று சுமார் 30 கிலோ இருக்கும். நாலு என்றால் 120 கிலோ. கண்ட இடத்தில் வைத்தால் எமன், தாழ வைத்தால் நங்கூரம். இதற்கெல்லாம் கம்ப்யூட்டர் வேண்டாம். பிளஸ் டூ பிசிக்ஸ் போதும்.

அடுத்தது அந்த 100 கிலோமீட்டர். நாலு பேட்டரி, மொத்தம் 48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 4,800 வாட்-மணி. லெட்-ஆசிட்டை தினமும் அடிமட்டம் வரை உறிஞ்சினால் சீக்கிரம் செத்துப்போகும். 60 சதவிகிதம்தான் எடுக்கலாம் என்றால் 2,880. கிலோமீட்டருக்கு 45 வாட்-மணி குடிக்கிறது என்று கொண்டால் 64 கிலோமீட்டர். அதுவும் பேட்டரி புதுசாக இருக்கும்போது. செலவு 20 பைசாவா? நாலு பேட்டரி 30,000 ரூபாய், 300 தடவை சார்ஜ் தாங்கும் என்று வைத்துப் பாருங்கள். பேட்டரித் தேய்மானம் மட்டும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் ஆகிறது. கரண்ட் பில்லைக் காட்டி பேட்டரி பில்லை மறைப்பது ஏமாற்று இல்லை, கணக்குப் போடாத சந்தோஷம். லித்தியம் போட்டால் எடை குறையும், ஆயுள் கூடும். ஆனால் ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கிற சர்க்யூட் இல்லாமல் அதைக் கட்டி ஓட்டுவது, சீட்டுக்கு அடியில் அடுப்பு வைத்துக்கொள்வதற்குச் சமம்.

பிரேக். 25 கிலோமீட்டரில் ஓடுகிற வண்டியை 40-ல் ஓட்டினால் வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. நிறுத்த வேண்டிய சக்தி இரண்டரை மடங்கு. 'நாப்பதுல போவும் சார்' என்று பெருமையாகச் சொல்லும்போது, எந்த வண்டியின் பிரேக்கைக் கழற்றிப் போட்டாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. மொபெட்டுக்குச் செய்த டிரம் பிரேக்குக்கு, அரை டன் வண்டியை நிறுத்தப் போகிறோம் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

கடைசியாக, கெட்டுப்போனால் என்ன ஆகும் என்ற கேள்வி. பிரஷ் வைத்த பழைய டி.சி. மோட்டாரின் கன்ட்ரோலரில் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டால், ஆக்ஸிலேட்டரை விட்டாலும் மோட்டார் முழு வேகத்தில் ஓடும். அதனால் பேட்டரியை அப்படியே துண்டிக்கிற ஒரு பெரிய ஸ்விட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பேட்டரி வாசலிலேயே ஃபியூஸ் வேண்டும். போட்டோவில் மாலை தெரிகிறது. அந்த ஸ்விட்ச் தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள்.

இப்படி அளந்து பார்க்கிற ஆட்கள் இங்கே இல்லாமல் இல்லை. மகாராஷ்டிராவில் பல்டன் என்ற சின்ன ஊரில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனில் ராஜ்வன்ஷி குழுவினர் 1990-களிலேயே மின் ரிக்‌ஷா செய்தார்கள். செய்ததோடு நிற்கவில்லை. அதைப் பற்றி 2002-ல் 'கரன்ட் சயன்ஸ்' இதழில் கட்டுரையும் எழுதினார் ராஜ்வன்ஷி. மற்றவர்கள் படித்துத் தப்பு கண்டுபிடிக்கட்டும் என்று எழுதி வைப்பதுதான் விஞ்ஞானம்.

டெல்லியில் நடந்தது வேறு. இறக்குமதி செய்த பாகங்களைச் சின்னச் சின்னப் பட்டறைகளில் பூட்டி, பதிவு எண் இல்லாமல், இன்ஷூரன்ஸ் இல்லாமல், இ-ரிக்‌ஷாக்கள் தெருவெல்லாம் பெருகின. ஏழைக்குப் பிழைப்பு, புகையில்லாத வண்டி. அதனால் கேள்வி கேட்பவன் ஏழைக்கு எதிரி. ஒரு விபத்தில் குழந்தை ஒன்று இறந்த பிறகு, 2014 ஜூலை 31-ம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் அவற்றை ஓட்டவே தடை போட்டது. ஒரே நாளில் எல்லா டிரைவருக்கும் பிழைப்பு நின்றது. அப்புறம் அவசரமாக விதிகள் வந்தன, 2015-ல் சட்டத்தையே திருத்தினார்கள். 4,000 வாட்டுக்கு மேற்படாத மூன்று சக்கர வண்டி என்று இலக்கணம் எழுதினார்கள். விதிப்படி உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். மேலே போட்ட கவிழும் கணக்கை ஒருமுறை திரும்பப் பாருங்கள். கேள்விகளை முதலிலேயே கேட்டிருந்தால் தடையும் இல்லை, பட்டினியும் இல்லை. அந்தக் குழந்தையும் ஒருவேளை இருந்திருக்கும்.

சட்டத்துக்கும் ஒரு விமர்சனம் பாக்கி இருக்கிறது. நம் மோட்டார் வாகன விதி 126, வண்டி தயாரிக்கிறவர் மாதிரி வண்டியைப் புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையங்களில் ஒன்றுக்குக் கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்கிறது. 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டருக்கும் குறைவான வண்டி மோட்டார் வாகனமே இல்லை என்று விலக்கு உண்டு. ஆனால் 'இது மோட்டார் வாகனம் இல்லை' என்று சொல்வதற்கும் அதே சோதனை நிலையத்தின் சான்று வேண்டும்! ஆயிரக்கணக்கில் விற்கிற கம்பெனிக்கு இது சரி. வாசலில் ஒரே ஒரு வண்டி செய்த பையன் புனேவுக்கு எப்படிப் போவான்? பிரிட்டனில் மோட்டார் சைக்கிளுக்கும் மூன்று சக்கர வண்டிக்கும் ஒற்றை வண்டிச் சோதனை என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. நீங்கள் செய்த ஒரே வண்டியைக் கொண்டுபோய்க் காட்டலாம். பிரேக், விளக்கு, கூர்மையான முனை எல்லாம் பார்த்து பாஸ், ஃபெயில் போடுவார்கள். ஃபெயில் என்றால் காரணம் சொல்வார்கள். நம் ஊரில் இத்தனை இன்ஜினீயரிங் கல்லூரிகள் இருக்கின்றன, லேப்கள் தூசி படிந்து கிடக்கின்றன. மாவட்டத்துக்கு ஒன்றில் இந்தச் சோதனையை வைத்தால் என்ன?

அதுவரை அந்த வண்டி ரோட்டுக்கு வரக் கூடாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். பதிவு இல்லாத வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி யாரையாவது இடித்தால், அடிபட்டவர் நஷ்டஈட்டுக்கு அந்தப் பையனைத்தான் பிடிக்க வேண்டும். அவனிடம் இருப்பது ஒரு வெல்டிங் செட். இரண்டு குடும்பம் தெருவுக்கு வரும். மாலை போட்டவர் வர மாட்டார். காலி மைதானத்தில், காம்பவுண்டுக்குள் ஓட்டட்டும், கவிழட்டும், திருத்தட்டும்.

அடுத்த முறை உங்கள் ஊரில் இப்படி ஒரு வண்டி வந்தால் போய்ப் பாருங்கள். பையில் ஒரு டேப் எடுத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு, சீட் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துவிட்டு, 'தம்பி, திரும்பும்போது பிரேக் போட்டால் என்ன ஆகும்?' என்று கேளுங்கள். கோபப்பட மாட்டான். அனேகமாக அவனுக்கே ராத்திரியெல்லாம் அந்த சந்தேகம் இருந்திருக்கும். கேட்க ஆள் இல்லாமல்தான் மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறான்.